லோவெல் நகரத்து ஆலைப் பெண்கள்

தொல்பொருள் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன கோபுரங்களும் கோட்டைகளும் கல்வெட்டுகளுமே. புகைபோக்கியும் செங்கற் சுவருமாக நிற்கும் பழைய பஞ்சாலை ஒன்றைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள் என்று ஆசிரியை வகுப்பில் கூறியபோது எங்களில் பலர் சிரித்துவிட்டோம். மன்னர் வாழாத இடத்தில், புனிதர் எவரும் பிறவாத இடத்தில், காக்க என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டும் விட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியே இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றம் அமெரிக்க நாட்டு லோவெல் நகரைப் பாடமாக எடுத்துக்கொண்டது. நாங்கள் அறிந்தவற்றைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றின் கரையில் இருக்கிறது லோவெல். பாஸ்டன் நகரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. ஆறு இவ்விடத்தில் பாடக்கெட் அருவியாய் ஏறத்தாழ 32 அடி கீழே இறங்குகிறது. குற்றாலத்தை நினைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இது பெரிய அருவியன்று. ஆனால் ஆண்டு முழுவதும் அவ்வளவு பெரிய ஆறு முழுதாக இறங்குவதால் அதன் வலிமை மிகுதி. முதலில் இந்த அருவி மக்களுக்கு இடையூறாகவே இருந்தது. மரம் ஏற்றிய தெப்பங்கள் அதைக் கடக்க முடியாமல் தவித்ததால், 1790களில் அருவியைச் சுற்றிக்கொண்டு போகும் பாடக்கெட் கால்வாயை வெட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே பாஸ்டனுக்கு நேராகச் செல்லும் வேறொரு கால்வாய் வந்து இதன் வாணிகத்தைக் கெடுத்துவிட்டது. பயனற்றுக் கிடந்த அந்தக் கால்வாய்தான் பின்னர் ஒரு நகரத்தையே பெற்றெடுத்தது.

நகரத்திற்குப் பெயர் கொடுத்த பிரான்சிஸ் காபட் லோவெல் அந்நகரைக் கண்ணாலும் கண்டதில்லை. பாஸ்டன் வணிகராகிய அவர் 1810இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள பஞ்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். இயந்திரங்களின் படங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அங்கே தடை இருந்தது. அவரோ விசைத்தறியின் அமைப்பை மனத்திலே பதித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பால் மூடி என்னும் கைதேர்ந்த பொறிவல்லுநரின் துணையோடு வால்தம் என்ற ஊரில் 1814இல் ஆலை கண்டார். மூட்டையாய் வரும் பஞ்சு துணியாய் வெளியேறும் வரை எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தது அங்கேதான். 1817இல் அவர் இறந்தபின், கூட்டாளிகள் இன்னும் வலிய நீர்வீழ்ச்சியைத் தேடி 1821இல் பாடக்கெட் அருவிக்கு வந்து, கால்வாயையும் சுற்றியிருந்த பண்ணை நிலங்களையும் வாங்கினார்கள். 1823இல் மெரிமாக் கம்பெனியின் சக்கரம் சுழன்றது. 1826இல் அது ஊராகி லோவெல் எனப் பெயர் பெற்றது. 1836இல் நகரமாயிற்று. இப்படி வளர்ந்த ஊர் அந்நாட்டில் அதற்கு முன் இல்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, மகிழ்ச்சியான பங்கன்று. அதுவரை அமெரிக்க மக்கள் மலிவுத் துணிக்குப் பெரிதும் நம்பியிருந்தது இந்தியத் துணியைத்தான். கல்கத்தா முதலிய துறைகளிலிருந்து பாஸ்டன் கப்பல்களே அதை ஏற்றிச் சென்றன. 1816இல் அமெரிக்காவில் ஒரு சுங்கச் சட்டம் வந்தது. எவ்வளவு மலிவான பருத்தித் துணியாயினும் சதுர கஜம் 25 சென்ட் விலையுள்ளதாகவே கொண்டு அதற்குத் தீர்வை விதிக்க வேண்டும் என்பது அதன் விதி. உயர்ந்த துணிக்கு இதனால் அதிகக் கேடில்லை. சில சென்ட் விலையுள்ள இந்தியத் துணியோ அந்தச் சந்தையைவிட்டே போயிற்று. இந்த விதிக்காக வாதாடியவர்களில் முன்னின்றவர் இதே லோவெல் அவர்கள். மெரிமாக் கம்பெனியார் பின்பு புகழடைந்தது அச்சிட்ட காலிக்கோ துணியால். அந்தப் பெயர் நம் கோழிக்கோட்டின் பெயர் என்பதை அதை உடுத்த எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

ஆலை எழுந்தது, வேலைக்கு ஆள் யார்? இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் குடும்பம் குடும்பமாக, சிறு குழந்தைகள் உட்பட, அழுக்கிலும் வறுமையிலும் வாடுவதை முதலாளிகள் பார்த்திருந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் தம் நாட்டில் உருவாகக் கூடாது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே சுற்றுப்புற மாநிலங்களின் உழவர் குடும்பங்களிலிருந்து பெண்களை அழைத்தார்கள். பெரும்பாலோர் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பி மணம் செய்துகொள்வர் என்பது கணக்கு. பெற்றோர் அஞ்சாமல் அனுப்ப வேண்டுமே! அதற்காக ஆலைக்கு எதிரிலேயே கம்பெனி விடுதிகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு காப்பாளர் அம்மையார். அவர்களிற் பலர் கைம்பெண்கள். இரவு பத்து மணிக்குக் கதவு அடைக்கப்படும். ஞாயிறு தோறும் ஆலயம் செல்ல வேண்டும். நடத்தை தவறியவருக்கு வேலையில்லை. ஓர் அறையில் நால்வர் முதல் எண்மர் வரை, ஒரு கட்டிலுக்கு இருவராகப் படுத்தனர். சாப்பாட்டிற்கும் தங்குவதற்கும் வாரம் ஒன்றேகால் டாலர் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சுவது பெண்ணின் கையில் ரொக்கமாக வரும்.

அந்த ரொக்கத்தைச் சிறிதென்று எண்ணிவிடக் கூடாது. தன் பெயரில் ஒரு காசு இல்லாமல் தந்தை வீட்டிலும் தமையன் வீட்டிலும் இருந்த பெண், முதன்முதலாகத் தன் உழைப்பின் பணத்தைத் தன் கையால் எண்ணிப் பார்த்தாள். நிலத்தின் கடனை அடைத்தவர்கள் உண்டு. தம்பியைக் கல்லூரியில் படிக்கவைத்தவர்கள் உண்டு. தனக்கென ஒரு நல்ல உடை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வேலை நேரத்தைக் கேளுங்கள். கோடையில் அதிகாலை நாலரை மணி அளவில் ஆலைக் கோபுரத்து மணி அடிக்கும். ஐந்து மணிக்குத் தறியருகில் நிற்க வேண்டும். காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் அரை மணியோ சற்றுக் கூடுதலோ இடைவேளை. அதற்குள் விடுதிக்கு ஓடி, உண்டு, திரும்பி ஓடி வர வேண்டும். மாலை ஏழு மணிக்கு விடுதலை. வாரத்தில் ஆறு நாளும் இப்படியே. கூட்டினால் எழுபது மணிக்கு மேல் ஆகிறது. விடுதியில் வாழும் நம் தோழியர்க்கு மணி புதிதன்று. ஆனால் நம் மணி நம்மைச் செபத்திற்கும் படிப்பிற்கும் விளையாட்டிற்கும் மாற்றி மாற்றி அழைக்கிறது. அந்த மணிக்கு ஒரே வேலைதான்.

ஆலையின் அடித்தளத்தில் நீர்ச்சக்கரம் சுழல, தோல் பட்டைகள் அதன் விசையை மாடி மாடியாக ஏற்றிச் சென்றன. ஒரு தளத்தில் பஞ்சு சீவுதல், ஒரு தளத்தில் நூற்பு, அதற்கு மேல் நெசவு. நூல் உலர்ந்தால் அறும் என்று சன்னல்களைத் திறக்கவிடமாட்டார்கள். காற்றில் ஈரம் ஏற்றுவார்கள். குளிர்காலத்து மாலைகளில் விளக்குப் புகை வேறு. பறக்கும் பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்தது. ஓடத்தின் துளை வழியே நூலை வெளியே இழுக்க, நெய்பவள் அதில் வாய் வைத்து உறிஞ்சுவாள். ஓடம் கைமாறும்போது அவள் நோயும் கைமாறும். நூற்றுக்கணக்கான தறிகளின் ஓசையில் பக்கத்திலிருப்பவள் கத்தினாலும் கேட்காது.

இந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் படிப்பு வந்தது என்பது எங்களை மிகவும் வியக்கச் செய்தது. ஆலைக்குள் புத்தகம் கொண்டுவரத் தடை. லூசி லார்க்கம் என்ற சிறுமி பதினொரு வயதில் வேலைக்கு வந்தவள். புத்தகம்தானே கூடாது என்று, செய்தித்தாளிலிருந்து கத்தரித்த கவிதைகளைத் தன் சன்னலோரத்தில் ஒட்டிவைத்துப் படித்தாள். பின்னாளில் ஆசிரியையாகவும் கவிஞராகவும் விளங்கி, தம் இளமைக் காலத்தைப் பற்றி 1889இல் நூலும் வெளியிட்டார். இரவில் சொற்பொழிவு கேட்கச் சென்றார்கள். நூலகத்தில் சந்தா கட்டினார்கள். விடுதிக் கூடத்துக்குப் பணம் சேர்த்துப் பியானோ வைத்தார்கள். 1840இல் 'லோவெல் ஆஃபரிங்' என்ற ஏட்டையும் தொடங்கினார்கள். கதை, கட்டுரை, கவிதை எல்லாம் ஆலைப் பெண்கள் எழுதியவை. ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்ட்டிஸ் என்னும் இருவர் பின்னர் ஆசிரியர்களாயினர். இருவரும் ஆலையில் உழைத்தவர்களே. 1842இல் லோவெலுக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ், பியானோவையும் நூலகத்தையும் இந்த ஏட்டையும் தம் நாட்டார் நம்பமாட்டார்கள் என்று வியந்து எழுதினார்.

அந்த ஏடு அதன் காலத்திலேயே ஒரு சச்சரவுக்கு உள்ளாயிற்று. ஆண்டு மலருக்கு எழுதும் எங்களுக்கு அது மனத்தில் தைக்கிறது. சாரா பேக்லி அம்மையார் 1840இல் அதில் ஆலை வாழ்வின் இன்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதன் பின் தறிகளின் வேகத்தைக் கூட்டினார்கள். ஒருத்தி பார்க்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். கூலி மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. ஆலை வாழ்வின் துன்பங்களை அவர் எழுதியபோது அந்த ஏடு அவற்றை ஏற்கவில்லை என்று 1845இல் பலரறியக் குற்றஞ்சாட்டினார். ஃபார்லி அம்மையார் மறுத்தார். கூலி, நேரம் ஆகிய பேச்சுகளில் ஏடு இறங்காது, ஆலைப் பெண்ணுக்கும் அறிவும் பண்பும் உண்டு என்று உலகுக்குக் காட்டுவதே தம் நோக்கம் என்பது அவர் கட்சி. இரண்டையும் படித்தபின் மன்றத்தில் எங்களுக்குள்ளேயே இரு கட்சியாகிவிட்டோம். ஃபார்லி அம்மையார் செய்ததும் சிறு பணியன்று என்றே நாங்கள் எண்ணுகிறோம். எனினும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டவை எல்லாம் உண்மையாக இருந்தும், எழுதப்படாதவற்றால் அது பொய்யாகிவிடக் கூடும் அல்லவா? அந்த ஆண்டின் இறுதியோடு ஏடு நின்றது.

பெண்கள் எழுதியதோடு நிற்கவில்லை. 1834இல் கூலியைக் குறைக்கப் போகிறார்கள் என்றவுடன் சுமார் 800 பேர் வேலையை விட்டு வீதியில் இறங்கினார்கள். வங்கியில் போட்டிருந்த சேமிப்பையும் திரும்பக் கேட்டார்கள். அது சில நாளில் தோற்றது. 1836இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது சுமார் 1,500 பேர் வெளியேறினார்கள். அப்போது ஹாரியட் ஹான்சன் என்ற சிறுமிக்கு வயது பதினொன்று. நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெறுங்கட்டைகளை மாட்டுவது அவள் வேலை. அவள் பகுதியிலிருந்த மூத்த பெண்கள், போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றனர். மற்றவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று அவள் முன்னே நடந்தாள். திரும்பிப் பார்த்தால் நீண்ட வரிசை பின்னே வந்துகொண்டிருந்தது. அவள் தாய் கணவனை இழந்தவர். கம்பெனி விடுதி ஒன்றை நடத்திப் பிள்ளைகளை வளர்த்துவந்தவர். கம்பெனியின் அதிகாரி அவரை அழைத்து, பெரிய பெண்களை உன்னால் அடக்க முடியாது, ஆனால் உன் மகள் குழந்தைதானே, அவளை அடக்கியிருக்கலாமே என்று கூறி வேலையிலிருந்து நீக்கினார். இதைப் பெரியவளானபின் ஹாரியட் அம்மையாரே 1898இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். வீரச்செயல்களைப் படிக்கும்போது, அதன் விலையை வீட்டில் யார் கொடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொன்னார்.

1844இன் இறுதியில் பேக்லி அம்மையார் தலைமையில் பெண்கள் சங்கம் ஒன்று அமைந்தது. நாளுக்குப் பத்து மணி நேரமே வேலை என்று சட்டம் செய்யுமாறு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். 1845இல் சட்டமன்றக் குழுவின் முன் பெண்களே நின்று சாட்சி சொன்னார்கள். குழுவினர் லோவெலுக்கு வந்து பார்த்தார்கள். ஆலையைச் சுற்றிப் புல்தரையும் மரமும் சன்னலில் பூச்செடிகளும் இருப்பதை அறிக்கையில் குறித்துக்கொண்டு, இதில் சட்டம் தலையிடத் தேவையில்லை என்று முடித்தார்கள். பூச்செடி வைத்தவர்களும் அந்தப் பெண்களே! பத்து மணிச் சட்டம் மாசசூசெட்ஸில் பெண்களுக்கும் சிறாருக்கும் கிடைத்தது 1874இல்தான். விண்ணப்பமிட்டவரில் பெரும்பாலோர் அப்போது ஆலையில் இல்லை.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். இந்த ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தெற்கு மாநிலங்களின் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பறித்த பஞ்சு அது. அதோடும் முடியவில்லை. லோவெலில் நெய்த முரட்டுத் துணி மீண்டும் தெற்கே போய் அந்த அடிமைகளுக்கே உடையாயிற்று. அவர்கள் அந்தத் துணியை 'லோவெல்' என்றே அழைத்தார்கள். தன் கூலிக்காகப் போராடிய பெண்ணின் தறியில் ஓடிய நூல், கூலியே இல்லாத ஒரு பெண்ணின் கையைக் கடந்து வந்தது. லோவெல் பெண்களில் பலர் அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பங்களில் கையொப்பமிட்டார்கள். தறியில் நிற்பவள் தென்னாட்டு வயலில் நிற்பவளை எண்ணி வருந்துவதாக லார்க்கம் அம்மையார் பின்னர் ஒரு கவிதையும் எழுதினார். ஆனால் தறி நிற்கவில்லை.

கால்வாய்களை வெட்டியவர் யார் என்று கேட்டால் கதை நம் திருச்சபையின் பக்கம் திரும்புகிறது. 1822இல் ஹியூ கம்மிஸ்கி என்பவர் அயர்லாந்து நாட்டுத் தொழிலாளர் முப்பது பேரோடு அங்கு வந்தார். கம்பெனி விடுதிகள் அவர்களுக்கு இல்லை. 'ஏக்கர்' என்ற திடலில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அங்கே 1831இல் புனித பத்ரீசியார் ஆலயம் எழுந்தது. பஞ்சம் தின்ற 1840களில் அயர்லாந்திலிருந்து மேலும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். உழவர் பெண்கள் ஆலையைவிட்டு விலக, குறைந்த கூலிக்கு அயர்லாந்துப் பெண்கள் அவ்விடத்தில் நின்றனர். 1852இல் புனித ஜூலி பில்லியார்ட் நிறுவிய நோத்ரு தாம் சபைக் கன்னியர் அங்கு வந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். கத்தோலிக்கர் மேல் வெறுப்பு மிகுந்திருந்த ஆண்டுகள் அவை. பின்னர் கனடாவிலிருந்து பிரெஞ்சு மொழி பேசுவோர் வந்தபோது, 1868இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் அவர்களுக்குப் பணியாற்ற வந்தனர். 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் தமிழரிடையே உழைத்த அதே சபைதான். கிரேக்கர், போலந்தியர், போர்ச்சுகீசியர் என்று அடுத்தடுத்து வந்தோரின் பட்டியல் நீளம். 1970களின் பிற்பகுதி தொடங்கி வந்த கம்போடிய மக்கள் இன்று நகரில் ஒரு கணிசமான பகுதியினராய் இருக்கிறார்கள்.

நீரை ஆண்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் பொறியாளர். இன்று உலகெங்கும் நீர்மின் நிலையங்களில் ஓடும் ஃபிரான்சிஸ் டர்பைன் அவர் லோவெலில் செய்த சோதனைகளில் உருவானது. 1850இல் அவர் பாடக்கெட் கால்வாயின் வாயில் பெரிய மரக்கதவு ஒன்றைத் தொங்கவிட்டார். வெள்ளம் வந்தால் அதை இறக்கி நகரைக் காக்கலாம் என்றார். வீண் செலவு என்று ஊரார் நகைத்து, அதற்கு 'ஃபிரான்சிஸின் மடமை' என்று பெயரும் சூட்டினார்கள். இரண்டே ஆண்டில், 1852இல், வெள்ளம் வந்தது. தொங்கவிட்டிருந்த இரும்பை உளியால் வெட்டிக் கதவை இறக்கினார்கள், நகரம் தப்பியது. 1936இன் பெருவெள்ளத்திலும் அதே கதவு காத்தது.

1920களில் ஆலைகள் கூலி குறைந்த தெற்கு மாநிலங்களுக்குப் போகத் தொடங்கின. கடைசியாக நின்றவற்றுள் ஒன்றான பூட் ஆலை 1955இல் மூடப்பட்டது. வேலையிழந்த நகரத்திற்குத் தன் பழைய கட்டடங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முதல் ஆலையாகிய மெரிமாக் ஆலையையே 1960 அளவில் இடித்தார்கள். 1966இல் டட்டன் தெருவிலிருந்த ஆலைப் பெண்களின் விடுதி வரிசை இடிக்கப்பட்டது. கால்வாய்களை மண்ணிட்டு மூடிச் சாலை போடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த விடுதிகளின் இழப்புத்தான் சிலரை விழிக்கச் செய்தது. அவர்களுள் பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர் முதன்மையானவர். தன் பாட்டி உழைத்த இடத்தைக் குறித்து வெட்கப்படும் குழந்தைக்குப் படிப்பு ஏறாது என்பது அவர் கருத்து. நகரம் முழுவதையும் ஒரு வகுப்பறையாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் பேசினார். லோவெலில் பிறந்த பால் சாங்கஸ் நாடாளுமன்றத்தில் அதற்கு முயன்றார். 1978 ஜூன் 5 அன்று சட்டம் கையெழுத்தாகி, லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்கா பிறந்தது.

பூங்கா என்றதும் வேலி போட்ட தோட்டம் என்று நினைக்க வேண்டாம். அதன் எல்லை 141 ஏக்கர்; அதற்குள் கடைகளும் வீடுகளும் வங்கிகளும் இருக்கின்றன. அரசு தன் பெயரில் வைத்துக்கொண்டவை சில கட்டடங்களே. மற்றவை சொந்தக்காரரிடமே இருந்தன. பழைய முகப்பையும் சன்னலையும் செங்கல்லையும் கெடுக்காமல் செப்பனிட முன்வந்தவர்களுக்குக் கடனும் மானியமும் கொடுத்தார்கள். இதைக் கவனிக்க ஒரு தனி ஆணையம் 1995 வரை பணியாற்றியது. ஆகவே பழைய ஆலைகளில் இன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன, அலுவலகங்கள் நடக்கின்றன. மக்கள் புழங்கினால்தான் கட்டடம் நிற்கும் என்ற எளிய அறிவு இதில் இருக்கிறது. பூட்டிவைத்த வீடு எவ்வளவு விரைவில் பாழாகும் என்பதை நம் ஊர்ப் பாட்டிமார் எல்லாரும் அறிவார்கள்.

பூட் ஆலையில் 1992இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் நெசவுக் கூடத்தில் 88 தறிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியை மட்டும் ஓட்டிக்காட்டுவது வழக்கம். அதற்கே வருவோர்க்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். அத்தறிகள் ஆலைப் பெண்களின் காலத்தவை அல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அங்கு நெய்த துணியைச் சமையலறைத் துண்டாக்கி விற்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் வந்து தாமே நெய்து பார்க்கவும், மாதிரிக் கால்வாயில் நீர் விட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கவும் தனி இடம் இருக்கிறது. இத்தனை செய்தும், சூட்டையும் தூசியையும் பதினான்கு மணி நேரத்தையும் அருங்காட்சியகத்தால் காட்ட முடியாது. செப்பனிட்ட செங்கல்லும் தெளிந்த கால்வாயும் படங்களில் மிக அழகாகவே இருக்கின்றன. சட்டமன்றக் குழுவினர் கண்ட பூச்செடிகள் எங்கள் நினைவிற்கு வந்தன.

ஆனால் ஆலைக்கு எதிரே, 1830களில் கட்டிய விடுதி ஒன்றைச் செப்பனிட்டு மோகன் அவர்களின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கீழே சமையலறையும் நீண்ட உணவு மேசையும். மேலே படுக்கை அறை. அவ்வறையில் நெருக்கிப் போட்ட கட்டில்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.